லாரியின் இடப்பக்க இருக்கை

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். கேபின் இல்லை, பாடி இல்லை. இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், எஞ்சின், சக்கரங்கள், ஸ்டியரிங், உட்கார ஒரு தற்காலிக இருக்கை. அவ்வளவோடு ஒரு வண்டி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றிக் கட்டியிருப்பார். வெயிலும் தூறலும் முன்வண்டியின் புகையும் அவர்மீது நேராக வந்து விழும். சேசிஸ் வண்டி என்பார்கள். ஓசூர் அசோக் லேலண்ட் ஆலை 1980-ல் தொடங்கிய பிறகு, நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளை நோக்கி இப்படிப் போன வண்டிகள் ஏராளம். ஆலையிலேயே கேபின் பொருத்தி அனுப்புவது பெருகிவிட்டதால் இப்போது அந்தக் காட்சி குறைந்து வருகிறது.

லாரி பிறக்கும் ஊர் ஓசூர். வடக்கும் தெற்கும் இணையும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையும், சென்னையிலிருந்து பெங்களூரு வழியாக டெல்லி வரை போகும் 48-ஆம் எண் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு வரை ஒரே தார்ச்சாலையாக ஓடுவதும் இங்கேதான். கிரானைட் பாறைகள், மாங்கூழ், காய்கறி, மோட்டார் உதிரிபாகங்கள் எல்லாம் இந்த வழியாகத்தான் போகின்றன. ஆனால் 40, 50 ஆண்டுக்கு முந்தைய லாரி ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று இங்கே யாராவது ஆசைப்பட்டால் பழைய இரும்புக் கடைகளில்தான் தேடவேண்டும். அங்கும் முழுதாகக் கிடைக்காது.

அதற்குச் சட்டமும் ஒரு காரணம். பழம்பெரும் வாகனங்களைத் தனியாகப் பதிவு செய்வதற்கு மத்திய அரசு 2021 ஜூலையில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். கண்காட்சிக்கும் பராமரிப்புக்கும் சாலையில் எடுத்துப் போகலாம். ஆனால் விதி சொல்வது இருசக்கர வாகனங்களையும் கார் வகையைச் சேர்ந்த நான்கு சக்கர வாகனங்களையும் மட்டுமே, அதுவும் வணிகத்துக்குப் பயன்படாத சொந்த வண்டியாக இருக்கவேண்டும். லாரி அந்த வரையறைக்குள் வரவே முடியாது. ஒரு ஜமீன்தார் ஞாயிற்றுக்கிழமை மாலையில் உலாப்போன கார் மரபுச்செல்வம் ஆகிறது. நாட்டுக்கு நெல்லும் சிமெண்டும் சுமந்த லாரி எஃப்.சி. எனும் தகுதிச் சான்று முடிந்ததும் எடைக்குப் போகிறது. இதை ஒரு சிறிய விடுபடல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

காமெட்டை எடுத்துக்கொள்வோம். 1948-ல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டு, 1951-ல் காமெட் லாரிகள் எண்ணூரில் உருவாகத் தொடங்கின. 1955-ல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. அந்தப் பக்கம் ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் டாடாவும் டெய்ம்லர்-பென்ஸும் சேர்ந்து லாரி கட்டின. அந்தக் கூட்டு 1969-ல் முடிந்தும், டாடா வண்டியை 'பென்ஸ்' என்று அழைப்பதை நம் ஊர்க்காரர்கள் நெடுநாள் விடவில்லை. டாடா வண்டியின் 1210 என்ற எண்ணுக்கு 12 டன் மொத்த எடை, சுமார் 100 குதிரைத்திறன் என்று பொருள். இன்று இதே சாலையில் ஓடும் இழுவை லாரிகளில் 200, 250 குதிரைத்திறன் சாதாரணம். அசோக் லேலண்ட் 1979-ல் கொண்டுவந்த மூன்று அச்சு வண்டியின் பெயர் டாரஸ். பத்துச் சக்கர லாரி எந்த நிறுவனத்துடையதானாலும் தமிழில் அது 'டாரஸ் லாரி'தான். நாளிதழ் விபத்துச் செய்தியிலும் அப்படித்தான் வரும். ஒரு வண்டியின் பெயர் ஒரு வகைக்கே பெயராவது, அது எத்தனை பேர் வாழ்க்கைக்குள் புகுந்தது என்பதைக் காட்டுகிறது.

இந்தப் பழைய வண்டிகளை ஓட்டுவது இன்றைய பொருளில் ஓட்டுவது மட்டும் அல்ல. பவர் ஸ்டியரிங் கிடையாது. சுமையோடு திருப்ப வேண்டுமானால் தோளிலிருந்து பலம் வரவேண்டும். கியர்ப்பெட்டியில் பற்சக்கரங்களின் வேகத்தைத் தானாக ஒத்திசைக்கும் அமைப்பு இல்லை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, கீழ்க் கியருக்குப் போவதானால் ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சின் வேகத்தைக் கூட்டி, மறுபடி கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போடவேண்டும். டபுள் கிளட்ச் என்பது இதுதான். எஞ்சின் ஓசை எந்தச் சுருதியில் இருக்கும்போது பல் விழும் என்பதைக் காதுதான் சொல்லும். காது தவறினால் கியர்ப்பெட்டி கத்தும். ஏற்றத்தில் தவறினால் வண்டி பின்னால் உருளும். கேபினுக்குள்ளேயே எஞ்சின் இருக்கும் வண்டிகளில் அந்த வெப்பம் ஓட்டுநரின் இடக்காலை நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டிருக்கும்.

பழுது பார்ப்பதும் ஓட்டுநர் வேலைதான். டீசலை எஞ்சினுக்குள் செலுத்தும் பம்பை அடிக்கடி 'மைக்கோ பம்ப்' என்பார்கள். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனம், இதே ஓசூர்ச் சாலையின் பெங்களூரு முனையில், ஆடுகோடியில் இருந்தது. பம்புக்குள் காற்று புகுந்து எஞ்சின் நின்றால் எந்தத் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவது என்று ஓட்டுநருக்குத் தெரியும். தெரியாவிட்டால் பின்னால் வரும் வண்டிக்காரர் இறங்கி வந்து செய்து கொடுப்பார். வழியில் நின்ற வண்டிக்குப் பின்னால் ஒடித்து வைத்த இலைக்கொத்தும் வரிசையாக வைத்த கற்களும்தான் அன்றைய எச்சரிக்கைப் பலகை.

மூத்த ஓட்டுநர்கள் பேசினால் எப்படியும் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு: அன்றைய தரம் இன்று இல்லை. இப்போது வருகிறவர்களுக்கு ஸ்டியரிங்தான் தெரியும், வண்டி தெரியாது, நின்றுபோன வண்டியைப் பார்த்தும் நிற்காமல் போகிறார்கள், லைட்டைத் தாழ்த்துவதில்லை, பெரியவர் சின்னவர் இல்லை. இந்தப் புகாரை முதுமையின் முணுமுணுப்பு என்று தள்ளுவது எளிது, அப்படியே நம்பிவிடுவதும் எளிது. நான் இரண்டையும் செய்யாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சாலை நாகரிகம். இருவழிச் சாலையில் முந்துவது இரண்டு ஓட்டுநர்கள் சேர்ந்து செய்யும் வேலை. முன்வண்டிக்காரர் எதிரே வருவதைப் பார்த்து, கையசைத்தோ இண்டிகேட்டர் போட்டோ 'வா' என்று சொன்னால்தான் பின்வண்டி வலப்பக்கம் ஏறும். கேட்பதற்கு ஒரு ஹாரன், நன்றிக்கு ஒரு ஹாரன். தங்க நாற்கரத் திட்டம் வந்து சென்னை–மும்பைப் பாதையின் இந்தப் பகுதி அகலமானது. நடுவே தடுப்பு வந்த பிறகு எதிரே வண்டி வருவதில்லை. யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. அந்தக் கைமொழிக்கு இருந்த தேவையே போய்விட்டது. அது போனதற்கு இளைஞர்களின் குணம் காரணம் என்பது சரியல்ல.

உதவி செய்வதும் இப்படித்தான். ஸ்பானரும் கொஞ்சம் அனுபவமும் இருந்தால் காமெட்டைக் கிளப்பிவிடலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசு விதிப்படி செய்த வண்டி நின்றால், அடுத்த வண்டிக்காரர் இறங்கி வந்து என்ன செய்ய முடியும்? சென்சார் ஏதோ சொல்கிறது. அது என்ன சொல்கிறது என்று கம்பெனி ஆள் கணினியை மாட்டித்தான் படிக்கவேண்டும். புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் திரவத்தை ஓட்டுநர்கள் 'யூரியா' என்கிறார்கள்; அது தீர்ந்துபோனால் எஞ்சின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்கு இலைக்கொத்தும் வேண்டாம், பின்வண்டிக்காரரின் மனிதாபிமானமும் பயன்படாது. கைபேசியில் அழைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டியதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மூத்தவர்களும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அது நியூட்ரல்.

சூளகிரியைத் தாண்டினால் மேலுமலை இறக்கம். இன்னும் தெற்கே தருமபுரியைக் கடந்து சேலம் போகும் வழியில் தொப்பூர்க் கணவாய். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் தொப்பூரில் நடந்த மோதல்கள் தமிழ்நாடு முழுவதையும் உலுக்கின. அந்த இரண்டுக்கும் இன்னதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் போகாதீர்கள் என்று பலகை வைத்தும் ஒலிபெருக்கியில் கத்தியும் சொல்லவேண்டிய நிலை எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. டீசல் மிச்சம் என்பது ஓட்டுநர்களின் கணக்கு. டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று முதலாளி அளந்து கொடுக்கும்போது, மிச்சமாவது தன் பையில் விழும். மிஞ்சிச் செலவானால் தன் பையிலிருந்து போகும். சில லிட்டர் என்பது அவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

அந்தக் கணக்கு லேசான சரிவில் ஓரளவு பலிக்கும். கணவாயில் பலிக்காது. இறக்கத்தில் கியரில் இருக்கும் வண்டியின் எஞ்சினைச் சக்கரங்களே சுழற்றுகின்றன. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது டீசல் போவது அநேகமாக நின்றுவிடுகிறது. நியூட்ரலில் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கவேண்டும். அதோடு, கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி விட்டுப்போய், சுமை முழுவதும் பிரேக் டிரம் தலையில் விழுகிறது. விடாமல் மிதித்தால் டிரம் பழுக்கச் சூடேறும். சூடேறிய பிரேக் பிடிக்காது. வேகம் கூடிய பிறகு கீழ்க் கியரைப் போடலாம் என்றால் பல் விழாது. எஞ்சினையே அணைத்துவிடும் பழக்கம் இன்னும் மோசம். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் எஞ்சின் நின்றாலும் ஸ்டியரிங் எப்போதும்போலக் கனமாகவே இருக்கும். புதிய வண்டியில் எஞ்சின் நின்றதும் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசரும் நின்றுபோகும். ஒவ்வொரு மிதிக்கும் டாங்கில் உள்ள காற்று குறைந்துகொண்டே போகும்.

காமெட் காலத்தில் உடம்புக்குள் பதிந்த சிக்கனம், வண்டி மாறிய பிறகும் வாய்வழியாகத் தொடர்ந்தது. எத்தனை கியரில் ஏறினாயோ அத்தனை கியரில்தான் இறங்கவேண்டும் என்ற நல்ல விதியும் அதே வாய்வழியாகத்தான் வந்தது. இரண்டையும் கடத்தியது ஒரே பள்ளிக்கூடம். அது லாரியின் இடப்பக்க இருக்கை; கிளீனர் சீட்.

கிளீனர் என்ற பெயர் அந்த வேலைக்குப் பொருந்தவே இல்லை. டயரை இரும்புக் கம்பியால் தட்டி, ஓசையை வைத்துக் காற்றுக் குறைவைக் கண்டுபிடிப்பவர் அவர். தார்ப்பாய் போர்த்திக் கயிறு இறுக்குவார். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கவாட்டில் தட்டிக்கொண்டே 'வரட்டும், வரட்டும்' என்பார். இரவில் ஓட்டுநர் கண் செருகாமல் பேச்சுக் கொடுப்பதும் அவர்தான். இடப்பக்கம் முழுவதும் அவர் கண்ணில் இருந்தது. இன்றைக்குக் கேமரா வைத்துப் பார்க்கும் அந்த மறைவிடத்தை ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருந்தார். சில ஆண்டு கழித்து, வெறும் வண்டியில், ஆளில்லாச் சாலையில், விடியற்காலையில் ஸ்டியரிங் கைக்கு வரும். அவர் கற்றதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றது.

இதைப் பொற்காலமாக்க எனக்கு மனம் வரவில்லை. கிளீனர்களில் பலர் பள்ளியில் இருக்கவேண்டிய பையன்கள். சம்பளம் என்று தனியாகப் பெரிதாக இல்லை. சாப்பாடும் கொஞ்சம் பேட்டாவும்தான். அடியும் வசவும் பாடத்தில் சேர்த்தி. அந்த முறை அப்படியே திரும்பவேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது. ஆனால் அதை அகற்றியபோது அந்த இடத்தில் எதை வைத்தோம் என்று கேட்டே ஆகவேண்டும்.

சட்டம் என்ன செய்தது என்று பார்க்கலாம். 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நெடுந்தூர வழிகளில்கூட அனுமதி பெற்று 10 மணி நேரம்வரைதான் போக முடிந்தது. நல்ல சட்டம். ஆனால் ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவான நிறுவனங்களுக்கு அது தானாகப் பொருந்தவில்லை. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களே மிகுதியாக உள்ள தொழிலில், சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பின்னர் இச்சட்டம் 2020-ன் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது.

வேறொரு விதி இருந்தது. அதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, நேஷனல் பர்மிட் பெற்ற கனரக லாரியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்கவேண்டும். மாற்று ஓட்டுநர் நீட்டிப் படுத்துத் தூங்க, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வண்டியின் அகலம் முழுக்க ஓர் இருக்கை இருக்கவேண்டும். நடைமுறையில் அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் கிளீனர்தான் என்பது வேறு. ஆனாலும் ஒரு மனிதன் தூங்கவேண்டும் என்பதை விதி ஏற்றுக்கொண்டிருந்தது. 2018 நவம்பரில் வந்த திருத்தம் இரண்டு ஓட்டுநர் கட்டாயத்தை நீக்கியது. அதற்குச் சில மாதம் முன்பு, அதே 2018 ஜூலையில், லாரிகளின் அனுமதிக்கப்பட்ட எடை உயர்த்தப்பட்டிருந்தது. மூன்று அச்சு வண்டிக்கு 25 டன் என்பது 28.5 டன் ஆனது. அடுத்த ஆண்டு, ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு தேறியிருக்கவேண்டும் என்ற தகுதியும் எடுக்கப்பட்டது. படிக்காதவருக்கும் வேலை கிடைக்கட்டும் என்ற அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மூன்றையும் சேர்த்து வைத்தால் சுமை கூடியிருக்கிறது, ஆள் குறைந்திருக்கிறார், உள்ளே வர ஏடு தேவையில்லை, உள்ளே வந்தபின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரவும் ஆள் இல்லை.

நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நிலையமும், கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சியும் நல்ல வேலை செய்கின்றன. இடப்பக்க இருக்கை ஆண்டுக்கணக்கில் கொடுத்த பயிற்சியை ஒரு குறுகிய வகுப்பு எந்த அளவு ஈடுசெய்யும் என்பதுதான் என் கவலை. மேலுமலையின் வளைவைப் பலகையில் வரைந்து காட்டலாம். நள்ளிரவில் மழையில் 28 டன்னோடு அதில் இறங்குவதை வரைந்து காட்ட முடியாது.

எல்லையையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் ஜூஜூவாடி, கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளி. 2017 ஜூலை 1-க்கு முன்பு இந்தச் சோதனைச்சாவடிகளில் சீட்டு, முத்திரை, மாமூல் என்று மணிக்கணக்கில் லாரிகள் வரிசையில் நிற்கும். ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் போயின. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாகி, கிருஷ்ணகிரி டோல்கேட்டிலும் வரிசை சுருங்கியது. மாமூலும் அவமானமும் குறைந்ததை எந்த ஓட்டுநரும் குறை சொல்லமாட்டார். ஆனால் அந்த வரிசையில் நின்ற நேரத்தில்தான் பலர் தூங்கினார்கள். அடுப்புப் பற்றவைத்துச் சமைத்தார்கள். பக்கத்து வண்டியோடு பேசினார்கள். மிச்சமான மணி நேரங்கள் ஓட்டுநரின் தூக்கத்துக்குப் போகவில்லை, கூடுதல் கிலோமீட்டர்களாக மாறின. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நின்றே ஆகவேண்டும். வண்டியில் பொருத்திய டாகோகிராஃப் கருவி அதைப் பதிவு செய்யும், காவலர் அதைப் படிப்பார். நம் வண்டிகளிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. அது ஏன் நின்றாய் என்று கேட்கத்தான் பயன்படுகிறது. ஏன் இன்னும் நிற்கவில்லை என்று கேட்பதற்கு அதைப் பயன்படுத்துவோர் அரிது.

முன்னேற்றம் நடக்கவில்லை என்று நான் சொன்னால் பொய்யாகும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். எஞ்சின் வெப்பத்தில் வெந்த தலைமுறையை நினைத்தால் இது தாமதமாக வந்த நீதி. பூட்டிக்கொள்ளாத பிரேக், தானே மாறும் கியர், படுக்கையோடு கூடிய கேபின் எல்லாம் வந்துவிட்டன. டபுள் கிளட்ச் தெரியாதது இன்றைய ஓட்டுநருக்குக் குறையே இல்லை. அந்தத் திறமை மோசமான இயந்திரத்துக்கு மனித உடம்பு கட்டிய வட்டி. அதை இழந்ததற்காக நான் அழமாட்டேன். அதை மறந்துவிடக்கூடாது என்று மட்டும் நினைக்கிறேன்.

காமெட்டின் தாய் ஊரான இங்கிலாந்தின் லேலண்ட் நகரில் 1983 முதல் வணிக வாகனங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அமெரிக்காவில் பழைய லாரிகளைக் காக்கும் வரலாற்றுச் சங்கம் 1971-லேயே தொடங்கியது. கோவையில் கார்களுக்கு அருமையான காட்சியகம் உண்டு. ஓசூரில் ஓடும் நிலையில் ஒரு காமெட், ஒரு 1210, முதல் டாரஸ்களில் ஒன்று, மரச்சட்டத்தில் நாமக்கல் தச்சர் கட்டிய ஒரு கேபின் இருக்கலாம். கூடவே 70 வயதைத் தாண்டிய ஓட்டுநர்களை அந்த இருக்கையிலேயே உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம். வயது காத்திருக்காது. 50 ஆண்டு விதியில் லாரியையும் சேர்க்க ஒரு வரித் திருத்தம் போதும்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டை ஒட்டிய டீக்கடை ஒன்றில் ஓர் இரவு நின்றுகொண்டிருந்தேன். வரிசையில் மெதுவாக நகர்ந்த லாரிகளின் இடப்பக்க ஜன்னல்கள் என் முகத்துக்கு நேரே வந்துபோயின. எண்ண நினைத்து எண்ணவில்லை. பெரும்பாலான வண்டிகளில் அந்த இருக்கையில் 20 லிட்டர் தண்ணீர்க் கேன், மடித்த போர்வை, ஒரு பையில் தக்காளியும் வெங்காயமும். ஒன்றில் மட்டும் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பையன் இருந்தான். டோல் கடந்ததும் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துவிட்டு, கதவை இரண்டு தட்டுத் தட்டினான். வண்டி இடப்பக்கம் ஒதுங்கி ஓசூர் திசையில் போயிற்று.